ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

"நம்ம காட்டுக் கடலைதானே, அதுக்கு என்ன வெலை போடறது?" மரச்செக்கு வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களில் எண்ணெய் விலை முடிவாகும்போது பெரும்பாலும் காதில் விழும் பேச்சு இது. கணக்கு கோணலாவது இங்கேதான். கடலையை விளைவித்தது காடு, ஆட்டியது செக்கு. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றைக்கு என்ன விலையோ, அதில் வண்டி வாடகையைக் கழித்துவிட்டு, அந்த விலைக்குக் காடு செக்குக்கு விற்றதாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் செக்கில் வரும் நட்டத்தைக் காட்டு வருமானம் மறைத்துக்கொண்டே போகும். வருடக் கடைசியில் பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

காய் வாங்குகிறவர்கள் மூட்டை விலையைப் பார்க்கக் கூடாது, பருப்பு விலையைப் பார்க்க வேண்டும். மூட்டையிலிருந்து 200 கிராம் காய் எடைபோட்டு, அங்கேயே உடைத்து, பொக்கும் சொத்தையும் நீக்கி, நல்ல பருப்பை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 140 கிராம் நின்றால் நூற்றுக்கு 70. 40 கிலோ மூட்டை 3,000 ரூபாய் என்றால் 28 கிலோ பருப்பு விழும். கிலோ 107 ரூபாய். அதே மூட்டையில் 130 கிராம் கணக்குதான் வந்தால் 26 கிலோ. கிலோ 115 ரூபாயைத் தாண்டிவிடும். உடைப்புக் கூலியும் பொறுக்குக் கூலியும் இதற்கு மேல். காயில் ஈரம் இருந்தால் எடைக்குக் கொடுத்த காசு வெயிலில் ஆவியாகப் போகிறது, போதாததற்குப் பூஞ்சையும் பிடிக்கும்.

இனி 100 கிலோ பருப்பை ஆட்டுவதாக ஒரு கணக்கு. விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொறுக்கிய பருப்பு 100 கிலோ நிற்க 103 கிலோ வாங்க வேண்டும். கிலோ 120 ரூபாய் வீதம் 12,360. ஏற்றுகூலி, வண்டி 200. மூன்று குதிரைத்திறன் மோட்டாரில் 20 கிலோ வீதம் ஐந்து முறை ஆட்ட மின்சாரம் 100. ஆள் கூலி 700. எண்ணெயைத் தெளியவைத்து, வடித்து, பாட்டிலில் அடைத்து, பில் போடும் வீட்டாளுக்கு அரை நாள் கூலி 350. (இந்த வரியை எழுதத்தான் எல்லோருக்கும் கூச்சம்.) பாட்டில், மூடி, லேபிள் லிட்டருக்கு 12 ரூபாய்.

செக்கிலிருந்து 41 கிலோ எண்ணெய் இறங்குவதாகக் கொள்வோம். வெயிலில் வைத்துத் தெளிந்த பிறகு கசடு ஒரு கிலோ போக 40 கிலோ. லிட்டர் கணக்கில் இது 40 அல்ல. ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். ஆகவே 44 லிட்டர். இதை மறந்து லிட்டர் விலைக்குக் கிலோ ஊற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் நூறு மில்லி அளவுக்கு இலவசம்!

புண்ணாக்கு 56 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் 2,240 வரவு. பாட்டில் செலவு 528-ஐயும் சேர்த்து மொத்தச் செலவு 14,238. புண்ணாக்கு போக 11,998. லிட்டருக்கு 273 ரூபாய். புண்ணாக்கு விலை பத்து ரூபாய் இறங்கினால் எண்ணெயின் அடக்கவிலை லிட்டருக்கு 13 ரூபாய் ஏறும். அதனால் புண்ணாக்கை "கிடைத்தவரை லாபம்" என்று ஓரத்தில் எழுதி வைக்காதீர்கள்.

இன்னும் இயந்திரம் கணக்கில் வரவில்லை. செக்கும் மோட்டாரும் வடிகட்டியும் சேர்த்து இரண்டரை லட்சம், ஆயுள் பத்து வருடம் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 25,000. இயந்திரத்தில் முடங்கிய பணத்துக்குப் பத்து சதவீத வட்டி, சராசரியாக 12,500. பழுது பார்க்க 10,000. இடத்து வாடகை 36,000. சொந்த இடமானாலும் எழுதுங்கள். மொத்தம் 83,500. நாளுக்கு மேலே சொன்ன 44 லிட்டர் வீதம் வருடத்தில் 150 நாள் செக்கு ஓடினால் லிட்டருக்கு 13 ரூபாய் விழுகிறது. 60 நாள்தான் ஓடியது என்றால் 32 ரூபாய். 150 நாள் என்றே வைத்துக்கொண்டு, பைசாவோடு கூட்டினால் அடக்கம் ரூ.285.30.

குறுந்தொழில்களுக்கான பிரதம மந்திரி உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் (2025-26 வரை நீட்டிக்கப்பட்டது) 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. அதில் வாங்கிய இயந்திரத்துக்கும் தேய்மானத்தை முழு விலைக்கே போடுவது நல்லது. அடுத்த செக்கு வாங்கும்போது மானியம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

பாட்டிலில் அதிகபட்ச விலை 380 என்று அச்சடித்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் 20 சதவீதம் கேட்பார். அவர் கேட்பது 380-ல் 20 சதவீதம், அதாவது 76 ரூபாய். உங்கள் கைக்கு 304. பலர் தலைகீழாகப் போடுவார்கள்: நமக்கு 304 வேண்டும், அதில் 20 சதவீதம் கூட்டினால் 365 என்று அச்சடித்துவிடுவார்கள். கடைக்காரர் 365-ல் 20 சதவீதம் கழிக்கும்போது கையில் நிற்பது 292. லிட்டருக்கு 12 ரூபாய் போயிற்று, லேபிளும் அச்சாகிவிட்டது.

கடைக்காரர் ரொக்கமும் தரமாட்டார். முப்பது நாள் கடன் என்பது நடைமுறையில் நாற்பத்தைந்து நாள். 150 நாள் கணக்குப்படி மாதம் 550 லிட்டர். பாதி கடைகளுக்குப் போனால் ஒன்றேகால் லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். அறுவடைக் காலத்தில் விலை மலிவு என்று மூன்று மாதத்துக்கான பருப்பை ஒரேயடியாக வாங்கினால் இன்னொரு 4.6 லட்சம். செக்குக்குப் போட்ட முதலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பணம் புழக்கத்தில் தேவைப்படுகிறது. வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இயந்திரத்தை மட்டும் எழுதிவிட்டு, நடைமுறை மூலதனத்தை ஒரு வரியில் முடிப்பவர்கள் ஆறாவது மாதம் திணறுவது இதனால்தான்.

இருப்பு குறைந்துகொண்டே வருவதால் பருப்பில் சராசரியாக 2.3 லட்சம், கடைக் கடன் 1.25 லட்சம், பத்து சதவீத வட்டி: லிட்டருக்கு ரூ.5.40. இப்போது அடக்கம் ரூ.290.70.

விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும்வரை சரக்கு விற்பவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் ஓட்டலாம் (மாநிலத்துக்குள் நேரடியாக விற்றால்). தாண்டினால் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், அதுவும் அச்சடித்த விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். கடையிலிருந்து வரும் 304-ல் வரி போக நிற்பது ரூ.289.50. அடக்கத்தைவிட ஒரு ரூபாய்க்கு மேல் குறைவு. வளர வளர நட்டம் என்பது கதையில்லை, இந்தக் கணக்குதான்.

கையில் காசு இல்லாதபோது பயிர்க்கடனை எடுத்துப் பருப்பு வாங்குவதும் நடக்கிறது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணைக்குள் கட்டினால் 4 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் நாள் தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. அந்தப் பணம் கடைக்காரரின் அலமாரியில் பாட்டிலாக நின்றால் தவணை தவறும், சலுகை போகும்.

அப்படியானால் எங்கே விற்பது? நேரடியாக வீடுகளுக்கு. 380-க்கு வீட்டில் விற்றால் அன்றாடச் செலவு 273 போக 107 ரூபாய் நிற்கும். 83,500 நிலைச் செலவை எடுக்க 780 லிட்டர் போதும். கடை வழியாகப் போனால் 31 ரூபாய்தான்; ஏறக்குறைய 2,700 லிட்டர் விற்றாக வேண்டும். வருட உற்பத்தி 6,600 லிட்டர். ஒரு குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் என்றால் 275 குடும்பங்கள். மார்க்கெட்டிங் என்ற பெரிய சொல்லுக்கு இந்தச் செக்கைப் பொறுத்தவரை இந்த 275 பெயர்கள்தான் பொருள். 'இதயத்துக்கு இதம்', 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்' போன்ற வாசகங்களை எண்ணெய் லேபிளில் போட உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் ஆட்டிய தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், கடைசியாக வாங்கிய தேதி, எத்தனை லிட்டர். வாரம் ஒருமுறை புரட்டி, 45 நாளாக வாங்காதவர்களுக்குப் போன் போடுங்கள். எண்ணெய் காறியதா, விலை கட்டவில்லையா, கொண்டுவந்து தர ஆளில்லையா என்பது அந்தப் போனில் தெரிந்துவிடும். காறியது என்று இரண்டு பேர் சொன்னால் ஆட்டிய தேதியைப் பார்த்து, அந்தத் தொகுதியில் மிச்சமுள்ள பாட்டில்களை அன்றே திரும்ப எடுத்துவிடுங்கள்.