மெசாயா கேட்டேன், டெனர் கேட்டுச்சு

இயேசுவப் பத்தி கொயரும் சோலோ குரல்களும் ஆர்கெஸ்ட்ராவோட பாடுற ஹேண்டலோட மெசாயா, ஜான் நெல்சன் கண்டக்ட் பண்ணது, எராட்டோங்கற ரெக்கார்ட் கம்பெனி 2023ல வெளியிட்டது. புதுசுன்னு சொல்ல கொஞ்சம் லேட்டு தான், ஆனா எனக்கு இப்ப தான் கைக்கு வந்துச்சு, ஒரு வாரமா வேற எதுவும் ஓடல.

நான் பாளையங்கோட்டைல வளந்தவன், பத்து வருஷம் சர்ச் கொயர்ல டெனர், அதாவது ஆம்பளைங்க பாடுற மேல் குரல். அஞ்சு கோட்டுல எழுதுற ஸ்டாஃப் நொட்டேஷன்லாம் ஒண்ணும் தெரியாது, எங்க பக்கம் பாதி பேரு மாதிரி டானிக் சோல்ஃபா தான், தொ ரே மீன்னு எழுத்துல போட்ட புக்கு, அதுல மெசாயாவோட ஹாலேலூயா கோரஸ் பக்கம் மட்டும் பிரிஞ்சு தனியா வந்துரும். டெனர்ல நாங்க மூணு பேரு, அதுல ஒருத்தன் பிராக்டீஸுக்கே வரமாட்டான், உச்சக் குரல்ல பாடுற சோப்ரானோ பதினெட்டு பேரு. அப்புறம் எங்க கேக்கும் எங்க சத்தம்? பாடுன எனக்கே கேட்டது இல்ல.

அதான் இந்த ரெக்கார்டிங் எனக்கு அப்படி ஆயிருச்சு. முதல் கோரஸ்ல டெனரும், அதுக்குக் கீழ பாடுற பேஸும் சேந்து நீளமா இழுத்துப் பிடிச்சு நிக்கிற இடம் இருக்கும்ல, கர்த்தரின் வாக்கு அதைச் சொல்லிற்றுங்கற அர்த்தத்துல வருமே அது, அங்க மத்த குரலெல்லாம் மேல ஓடிட்டு இருக்க கீழ தூண் மாதிரி நிக்குது. அடப்பாவிங்களா, இது தானா நாங்க பாடுனது!

வாசிக்கிறது இங்கிலிஷ் கான்சர்ட்டுங்கற ஆர்கெஸ்ட்ரா, பாடுறது அவங்க கொயர், எடுத்த இடம் இங்கிலாந்துல கவென்ட்ரி கதீட்ரல். பழைய கதீட்ரல் 1940 நவம்பர்ல ஜெர்மன் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு, பக்கத்துலயே புதுசா கட்டி 1962ல திறந்தாங்க. நெல்சன் கோஸ்டா ரிகால மிஷனரி அப்பா அம்மாவுக்குப் பொறந்தவராம், நம்ம ஊர்க்காரங்களுக்கு அது ஒரு ஒட்டு தான.

பெரிய கூட்டமாப் பாடுனா தான் மெசாயாங்கறது நம்ம மண்டைல ஏறிப் போச்சு. 1742 ஏப்ரல் 13 டப்ளின்ல முதல் தடவ பாடுனப்ப கூட்டம் கீழ தான், மேடைல இல்ல. எழுநூறு பேர உள்ள அடைக்கணும்னு பொம்பளைங்க பாவாடைக்குள்ள வளையம் போடாம வாங்க, ஆம்பளைங்க வாள் எடுத்துட்டு வராதீங்கன்னு பேப்பர்ல விளம்பரமே குடுத்தாங்க. பாடுனது அங்க இருந்த ரெண்டு கதீட்ரல் கொயர்ல இருந்து வந்த ஆம்பளைங்களும் பசங்களும். வசூல்ல ஒரு பங்கு போயி கடன் கட்ட முடியாம ஜெயில்ல கெடந்த 142 பேர் வெளிய வந்தாங்க. ஆயிரக்கணக்குல ஆள நிறுத்திப் பாடுறதெல்லாம் பின்னாடி விக்டோரியா காலத்து இங்கிலாந்துல பெருசானது.

சோலோல மைக்கேல் ஸ்பைரஸ். டெனர்னு போட்டிருக்கு, ஆனா குரலோட அடில பாரிடோன் கனம் இருக்கு, டெனருக்கும் பேஸுக்கும் நடுவுல வருமே அந்தக் குரல், தேற்றுங்கள்னு ஆரம்பிக்கிற முதல் பாட்டுலயே ஆளு உக்காந்துட்டாரு. சோப்ரானோ லூசி க்ரோவும் நல்லாருக்கு, ஆனா நான் ஸ்பைரஸ விட்டு நகரல, பாரபட்சம் தான், ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு சொல்லணும். நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்துங்கற கோரஸ் ஏன் இவ்ளோ குஷியா இருக்குன்னு சின்ன வயசுல குழம்புவேன். அந்த மெட்டு ஹேண்டல் அதே 1741ல எழுதுன ஒரு இத்தாலியன் காதல் டூயட்ல இருந்து எடுத்தது, குருட்டுக் காதலே உன்ன நம்ப மாட்டேன்னு பாடுற டூயட்டு! ஆடுங்க ஜாலியா அங்கயும் இங்கயும் ஓடிட்டே இருக்கும், கடைசில சட்டுனு மெதுவாகி இருட்டிரும், நம்ம அக்கிரமத்த கர்த்தர் அவர்மேல போட்டாருங்கற வரி வரும்போது. நெல்சன் அந்தத் திருப்பத்துல ரொம்ப நாடகம் பண்ணல, எனக்கு அது பிடிச்சுது.

நேத்து ராத்திரி மொட்டமாடில ஹெட்போன் போட்டு கடைசி ஆமென் கூடவே பாடிப் பாத்தேன். பேஸ் ஆரம்பிக்கும், ரெண்டாவதா டெனர் நுழையணும். கொயர் மாஸ்டர் பென்சில்ல வட்டம் போட்டு பொறுன்னு எழுதிக் குடுத்த இடம் அது. இருபது வருஷம் ஆச்சு, நேத்தும் அரை பீட் முந்திட்டேன்.