ராமலிங்க விலாசத்தின் மாடி அறை

ராமேசுவரம் போகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் ராமநாதபுரத்தில் இறங்குவதில்லை. நானும் அன்றைக்குத் தேவிபட்டினம் நவபாஷாணத்தைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் கும்பிட்டுவிட்டு, உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்போடு பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, அரண்மனைப் பக்கம் நடந்தேன். இந்த ஊரில் அரண்மனை என்றால் கடைவீதியும் சேர்த்திதான். துணிக்கடை, பழவண்டி, ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் ராமலிங்க விலாசம். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் தர்பார் மண்டபமும் அந்தப்புர மாடியும் சேர்ந்த கட்டடம் அது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. பருத்த தூண்கள், வௌவால் வாடை, அவ்வளவுதான். கண் பழகப் பழகச் சுவர்கள் சிவக்க ஆரம்பித்தன. அப்புறம் கண்கள் தெரிந்தன. அந்தக் கால நாயக்கர் பாணியில் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து, கண்ணை மட்டும் நீளமாக, முழுசாகத் திறந்து வைத்திருப்பார்கள். அப்படி நூற்றுக்கணக்கான கண்கள், சுவர் முழுக்க, மேல் விதானம் வரைக்கும். எதுவும் நம்மைப் பார்க்கவில்லை. அதுதான் உள்ளுக்குள் என்னவோ செய்தது.

கட்டடம் கிழவன் சேதுபதி கட்டியது. ஓவியங்கள் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை. 1710 முதல் 1725 வரை ஆண்டவர். ராமாயணமும் பாகவதமும் ஒரு பக்கம் இருந்தாலும், திரும்புகிற இடமெல்லாம் இவர்தான். ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்குகிறார். தஞ்சை மராத்தியருடன் சண்டை போடுகிறார். தொப்பியும் கோட்டுமாக வந்த ஐரோப்பியர்களுக்குத் தரிசனம் தருகிறார். முத்தும் சங்கும் எடுக்கிற இந்தக் கடற்கரைக்காக டச்சுக்காரர்கள் சேதுபதிகளோடு ஒப்பந்தமும் போட்டார்கள், சண்டையும் போட்டார்கள். அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது வரலாற்றுப் பாடத்தின் பக்கம் ஒன்று திடீரென்று ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ஆயுதங்கள், வீசித் தாக்கும் வளைந்த வளரி, பழைய சிற்பங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை நான் வேகமாகத்தான் கடந்தேன். மனசு மாடிக்குப் போய்விட்டது.

"பாத்து ஏறு தாயி, தலைய குனிஞ்சுக்க" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெரியவர். குறுகலான படி. மேலே அறை இன்னும் சின்னது, இன்னும் இருட்டு. கீழே இருப்பவை ஊருக்குக் காட்ட வரைந்தவை. மேலே இருப்பவை ஒரே ஒருவர் பார்ப்பதற்காக வரைந்தவை. ராஜா பெண்களோடு இருக்கிறார். சாய்ந்திருக்கிறார், நீராடுகிறார், கொஞ்சுகிறார். ஓரிடத்தில் பெண் உடல்களையே ஒன்றோடொன்று பின்னி ஒரு யானையாக்கியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து யானை. கிட்டப் போனால் கால் எது, கை எது, யாருடைய கூந்தல் யார் தோளில் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கையாண்ட திறமையைப் பார்த்து அசந்துதான் போனேன். ஆனால் ரொம்ப நேரம் அங்கே நிற்க முடியவில்லை. அழைக்காத வீட்டின் படுக்கையறைக்குள் வந்துவிட்ட உணர்வு.

ஜன்னலோரச் சுவரில் ஒரு பெண். காரை உதிர்ந்து முகத்தில் பாதி போய்விட்டது. வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவே ஒரு கண்ணும் மூக்குத்தி இருந்த இடமும் மட்டும் மிச்சம். கடல்காற்றின் ஈரமும் உப்பும் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கி, காயும்போது உப்புப் பூத்து, மேலே இருக்கும் வண்ணத்தைத் தள்ளிவிடும். அப்படித்தான் கடலோர ஊர்களில் சுவரோவியங்கள் போகின்றன.

"இந்தப் பொம்பளைங்க எல்லாம் யாரு ஐயா?" என்று கேட்டேன்.

"ராஜா வீட்டுப் பொம்பளைங்கதான். பேரெல்லாம் யாருக்குத் தாயி தெரியும்?"

கீழே பல காட்சிகளுக்கு அடியில் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மேலே நான் பார்த்த பெண்களில் ஒருவருக்கும் பெயர் என் கண்ணில் படவில்லை.

1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. அதை முன்பே படித்திருக்கிறேன். அந்த அறையில் நிற்கும்போதுதான் அது நெஞ்சில் ஏறியது. அந்தத் தீ அணைந்த பிறகு பட்டத்துக்கு வந்தவரின் காலத்தில்தான் இந்தச் சுவர்களில் இத்தனை பெண்களைச் சிரிக்க வைத்து வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர்களுக்கு அந்த நாள் நினைவிருந்திருக்கும். ராஜாவுக்கும்தான். இங்கே எனக்குப் பேய் பயம் எதுவும் வரவில்லை. இந்த எண்ணம்தான் படி இறங்குகிற வரைக்கும் பின்னாலேயே வந்தது.

கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இதே ராமலிங்க விலாசத்தில்தான், 1798 செப்டம்பர் 10 அன்று. பேச்சு முற்றிக் கைகலப்பாகி, கோட்டை வாசலில் கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். பலரும் இந்தக் கதைக்காகத்தான் இங்கே வருகிறார்கள். அதற்காகவே வந்தாலும் சரி, மாடிக்கு ஏறாமல் போய்விடாதீர்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் ஓரளவு உதவும். சுவரில் சாயாதீர்கள், விரல் வைக்காதீர்கள், குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பொடிந்துபோன காரை சின்ன உரசலுக்கே உதிரும். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 47 பேரில் யாருடைய பெயரையாவது செப்பேட்டிலோ ஓலையிலோ குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லியோ கேள்விப்பட்டவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.