வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை எட்டிப்பிடித்த கதை

ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்க ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். மூன்று மாலைகள் ஆயின.

முதல் நாள் ஆபீஸிலேயே செய்ய வேண்டியவற்றை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கே இருப்பது விண்டோஸ் புரோ. ஹோம் பதிப்பாக இருந்தால், தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வர விடாது. வீட்டில் ஹோம் பதிப்பு இருப்பதில் சிக்கல் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்து, கம்ப்யூட்டர் தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை நிறுத்தி, ஐபி முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: 192.168.1.40.

ஆபீஸ் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்றார் நண்பர் ஒருவர். எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. இணையத்துக்குத் திறந்த அந்தப் போர்ட்டை, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். 2019-இல் வெளிவந்த புளூகீப் ஓட்டையோ, பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வழி கொடுத்தது. அதற்குப் பதிலாக, இணையம் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய அவர் எனக்கு ஒரு விபிஎன் கணக்கு போட்டுக் கொடுத்தார்.

விபிஎன் உடனே இணைந்தது. ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் அசையவில்லை. இரண்டு மாலைகள் ஃபயர்வாலையும் பாஸ்வேர்டையும் சந்தேகப்பட்டே கழிந்தன. மூன்றாவது மாலை, ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்க பிங் கொடுத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சென்றடைய முடியவில்லை என்ற பதில் 192.168.1.25-இலிருந்து வந்திருந்தது. அது என் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரி! கேள்வி வீட்டு வாசலையே தாண்டவில்லை.

வீட்டு ரவுட்டரும் ஆபீஸ் நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தன. அதனால் 40 என்ற எண்ணை என் கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. வீட்டு ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். அப்புறம் விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப். கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால் கண்டுபிடிக்கவில்லை, ஐபியைக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது.

கறுப்புத் திரை ஒரு நொடி மின்னியது. மாலையில் பாதியில் விட்டு வந்த எக்செல் தாள், கர்சர் அதே கட்டத்தில் நிற்க, என் முன்னால் திறந்திருந்தது. அவ்வளவு சந்தோஷம்!

அந்த 40 என்றாவது மாறிவிட்டால் மறுபடி நடுவழியில் நிற்க வேண்டும். மறுநாள் காலையில் முதல் வேலையாக, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியில் அதை என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே ஒதுக்கித் தரும்படி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் சொன்னேன்.