பாம்பன் அத்தையோடு கீழடியில் ஒரு முற்பகல்

கீழடிக்கு முதல் தடவை நான் போனது 2019-இல். தென்னந்தோப்புக்குள் சதுரம் சதுரமாகக் குழி வெட்டி ஐந்தாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருந்தது, ஊரே திருவிழாவுக்கு வந்த மாதிரி குழந்தை குட்டிகளோடு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன், செங்கல் வரிசை தெரிந்தது, செல்ஃபி எடுத்தேன், வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இந்தத் தடவை போனது திட்டம் போட்டு இல்லை. மதுரையில் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்த மாமியாரைப் பாம்பனில் கொண்டுபோய் விட வேண்டும். "நான் ரயில்ல போய்க்கிறேன் மாப்ள" என்றார், மனைவி விடவில்லை. சிலைமான் தாண்டி கீழடி போர்டைப் பார்த்ததும் நான்தான் வண்டியைத் திருப்பினேன். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அத்தை இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

2023 மார்ச் 5-இல் திறந்த அருங்காட்சியகம் இது. செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள், அத்தை உள்ளே நுழைந்ததும் "யார் வீடு இது?" என்றுதான் கேட்டார். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 580 என்று வந்ததை நான் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துச் சொன்னேன் (மதுரைக்காரன் சொல்லாமல் யார் சொல்வது). அத்தைக்கு அது ஏறவில்லை. ஆதன், குவிரன் என்று பானை ஓட்டில் பெயர் கீறி வைத்திருந்ததைக் காட்டினேன். "சட்டி பானையில பேரு வெட்டலேன்னா கல்யாண வீட்டுக்குக் குடுத்தது திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

நின்றது உறைகிணற்றிடம். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு அது. நான் அதை ஏதோ பழங்காலத்து அதிசயம் மாதிரி விளக்க ஆரம்பிக்க, அத்தை பாதியிலேயே நிறுத்திவிட்டு எனக்கு விளக்கினார். தீவு முழுக்க மணல்தானே, தோண்டத் தோண்டப் பக்கம் சரிந்து குழி மூடிக்கொண்டே வரும், அதனால் உறையை மேலே வைத்துவிட்டு உள்ளே இறங்கி அடி மண்ணைப் பறிக்கப் பறிக்க, உறை தன் கனத்திலேயே கீழே இறங்கும், அப்புறம் அதன் தலையில் அடுத்த உறை. அவர்கள் வீட்டுக் கிணறு அப்படி இறக்கியதுதான், உறை மட்டும் சிமெண்ட். கடலுக்குப் பத்தடி தள்ளிக் கையால் மணலைப் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும் இடமெல்லாம் அங்கே உண்டு, ரொம்ப ஆழம் போனால் உப்பு ஏறிவிடும், எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலையே என்றார். வைகைக்கரை மண்ணும் அப்படிச் சரிகிற மண்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்.

அப்புறம் மணிகள். கண்ணாடி மணி, சூதுபவளம் என்று குட்டி குட்டியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து "பாசி நிறைய இருக்கு அத்தை, வாங்க" என்று கூப்பிட்டேன். வந்து பார்த்துச் சிரித்தார். எங்களுக்குப் பாசி என்றால் கழுத்தில் போடுவது, அவருக்குக் கடலுக்கடியில் பாறையில் பறிப்பது. மரிக்கொழுந்துப் பாசி பறிக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் முங்கியவர். இன்னும் அவர் விரல் நுனியில் ரேகை சரியாக இல்லை, ரேஷன் கடை மிஷினில் விழாமல் ஒவ்வொரு மாதமும் தகராறு.

அந்த விரலைக் கண்ணாடி மேல் வைத்து அவர் காட்டியது ஒரு சங்கு வளையல் துண்டு. முழு வளையல்கூட இல்லை, நகம் வெட்டிப்போட்ட மாதிரி வளைந்த ஒரு வெள்ளைத் துண்டு. "நல்லா முத்துன சங்கு, தடிப்பப் பாருங்க" என்றார். அவர் அப்பா சங்கு குளித்தவர். முத்துச் சிப்பி பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒட்டிக் கிடக்கும், சங்கு மணலில் கிடக்கும், மூச்சடக்கிப் போய்த் தடவித்தான் எடுக்க வேண்டும், சின்னச் சங்கு வந்தால் அளவு பார்த்துத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவார்களாம். எடுத்த சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போகும். அங்கேதான் கல்யாணமான பெண்கள் கையில் சங்கு வளையல் கட்டாயம்.

அவருக்குப் புதிதாக இருந்தது, அந்தச் சங்கை ஒரு காலத்தில் இங்கேயே வளையலாக அறுத்துக் கையில் போட்டிருக்கிறார்கள் என்பதுதான். மதுரைக்காஞ்சியில் கடைத்தெருக் கூட்டத்தில் 'கோடுபோழ் கடைநர்' வருகிறார்கள், கோடு என்றால் சங்கு, அதைப் பிளந்து வளையல் கடைகிறவர்கள் என்று சொன்னேன். "அப்ப நம்ம ஏன் போடுறத விட்டோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற காலேஜ் பையனும் மண்டையைச் சொறிந்தான்.

கடல் வணிகத்தைப் பற்றிய பகுதியில் அழகன்குளம் பெயரைப் பார்த்ததும் "உச்சிப்புளிகிட்டல்லா இருக்கு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். வைகை கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். ரோமானியக் காசு, கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. எங்களுக்கு வைகை என்றால் அழகர் இறங்குகிற இடம், மற்ற நாளில் முள்செடியும் சாக்கடையும். அதன் மறு நுனியில் ஒரு துறைமுகம் இருந்தது, அந்தப் பக்கத்துச் சரக்கு இங்கே வந்தது என்பதையெல்லாம் நான் படித்திருக்கிறேன்தான், ஆனால் மாமியார் ஊர்க்காரர்கள் அனுப்பிய சரக்கு என்று யோசித்ததில்லை.

வெளியே வந்ததும் அத்தைக்குப் பசி. திருப்புவனத்தில் சாப்பிட்டோம், சாம்பார் சுமார். மானாமதுரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி மீன் குழம்புக்கு ஒரு மண்சட்டி வாங்கினார். நாலு சட்டியைத் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு ஐந்தாவதை எடுத்தார். கடைக்காரருக்குக் கடுப்பு.

அடுத்த மாதம் தங்கச்சிமடத்துச் சித்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அந்த வளையல் துண்டைக் காட்ட வேண்டுமாம். அப்பாவின் சங்கை எந்த வியாபாரி எடுத்தார், ஒரு சங்குக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கெல்லாம் சித்திக்குத்தான் ஞாபகம் இருக்கிறதாம்.