பிள்ளை வந்த நாளிலிருந்து

2024 பிப்ரவரி 18, ஞாயிறு. பாளையங்கோட்டை

காலையில் பக்கத்து வீட்டில் தென்னைக்கு மட்டை கழித்தார்கள். ஒரு காய்ந்த மட்டையோடு சேர்ந்து ஒரு பந்து எங்கள் காம்பவுண்டுக்குள் விழுந்தது. தென்னை நார், தலையணைப் பஞ்சு, எங்கள் கொடியில் காய்ந்த துண்டின் பச்சை நூல் எல்லாம் வைத்துச் சுற்றிய கூடு. உள்ளே இரண்டு அணில் குட்டிகள், கண் திறக்காதவை. பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமத்துக்கு அடியில் முதுகில் மூன்று கோடும் தெளிவாகத் தெரிந்தன.

மரம் ஏறிய அண்ணாச்சி, "கை பட்டா தாய் சேர்க்காதும்மா" என்றார். அதனால் முறத்தில் அள்ளி, செருப்பு அட்டைப்பெட்டியில் கூட்டோடு வைத்து, பெட்டியை முருங்கைக் கிளையில் கட்டினோம். ஜன்னல் வழியாக நானும் மகளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நாலு மணிக்கு மகள்தான் பின்சுவரோரம் அதைக் கண்டாள். பாதி அணில் வால். இந்தத் தெருவில் பூனைக்குக் குறைவில்லை.

அது இவற்றின் தாய்தானா என்று எப்படிச் சொல்வது? இருட்டும் வரை காத்திருந்தோம். பொழுது சாய்ந்தபின் அணில் வெளியே வராது. ஏழு மணிக்குப் பெட்டியை உள்ளே எடுத்து வந்தேன்.

இரண்டும் சில்லென்று இருந்தன. பசியில்தான் அப்படிக் கிடக்கின்றன என்று நினைத்து, பசும்பாலில் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து வாயில் வைத்தேன். உறிஞ்சின. நிம்மதியாகப் படுக்கப் போனேன்.

பிப்ரவரி 19

காலையில் சிறியதற்கு வயிற்றுப்போக்கு. துணியெல்லாம் மஞ்சள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "சூடு கொடுத்தீங்களா?" இல்லை. அவர் சொன்ன வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன், இனி எனக்கு மறக்கவே கூடாது. முதலில் சூடு. உடம்பு கதகதப்பான பிறகு ஓ.ஆர்.எஸ். தண்ணீர் சொட்டுச் சொட்டாக. அதற்கு அப்புறம்தான் பால். குளிர்ந்து கிடக்கிற குட்டிக்கு வயிற்றில் எதுவும் செரிக்காது. பசும்பால் வேண்டவே வேண்டாம், அணில் குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைக் கலக்கிவிடும். நாய்க்குட்டிகளுக்கு விற்கிற பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்கலாம்.

கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் சரியில்லையாம். தாய் உயிரோடு இருந்தால், மனிதக் கை பட்டிருந்தாலும் வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும் என்றார். பகல் முழுவதும் காத்திருந்தது மட்டும் நான் செய்த நல்ல காரியம்.

பெரியது 19 கிராம், சிறியது 14.

பிப்ரவரி 20

சிறியது விடியற்காலை மூன்று மணிக்குப் போய்விட்டது. என் உள்ளங்கையில்தான் இருந்தது. செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம். முதல் நாள் நான் கொடுத்த பால்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். "நீ வேணும்னேவா செஞ்ச? அழாத" என்றார் அத்தை. அழுதேன்.

பிப்ரவரி 23

இப்போது வீட்டுக் கடிகாரமே இந்த அணில் பிள்ளைக்காகத்தான் ஓடுகிறது. பகலில் இரண்டரை மணிக்கு ஒரு தடவை, இரவில் பதினொன்றுக்கும் மூன்றுக்கும். எடையில் இருபதில் ஒரு பங்குதான் ஒரு வேளைக்கு, அதாவது இப்போதைக்கு 1 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையில் சைக்கிள் வால்வ் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் செருகியிருக்கிறேன். பல் முளைத்ததும் கழற்றிவிட வேண்டும், கடித்து விழுங்கிவிடும்.

மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்த்திப் பிடித்து, தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்த மாதிரி இருக்க வேண்டும். நேற்று அவசரத்தில் அழுத்திவிட்டேன். மூக்கிலிருந்து ஒரு பால் குமிழி வந்தது. உடனே தலையைத் தாழ்த்தி, துணி நுனியால் துடைத்தேன். இரண்டு முறை தும்மியது. அது மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நிமோனியா. அன்று இரவு முழுக்க அதன் நெஞ்சில் காதை வைத்து, 'கிளுக்' என்ற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

பால் குடித்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவும் நாம்தான் உதவ வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மெல்ல ஒற்றினால் வருகிறது. "தாயி நாக்கால நக்கித்தானே போக வைக்கும்" என்று அத்தை சொன்னார். அவர் கை நடுங்கும், ஆனால் இந்த வேலையை என்னைவிடப் பக்குவமாகச் செய்கிறார்.

பெட்டியின் பாதிக்கு அடியில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். சூடு அதிகமானால் அதுவே மறுபாதிக்கு நகர்ந்துகொள்கிறது.

பிப்ரவரி 28

வலது கண் திறந்தது! காலையில் ஒரு ஈரக் கீறல்தான் இருந்தது. மதியப் பாலுக்கு எடுத்தபோது அந்தக் கீறலுக்குள் கறுப்பாக ஒரு மிளகு மினுங்கியது. சாயங்காலத்துக்குள் இடது கண்ணும் திறந்துவிட்டது. முன்கை இரண்டாலும் சிரிஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. 30 கிராம்.

மகள் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேண்டாம் என்றேன். பெயர் வைத்தால் அப்புறம் அனுப்ப மனசு வராது. "ஆச்சி பிள்ளைன்னுதான் கூப்பிடுறாங்க, அதுவே இருக்கட்டும்" என்று என் கணவர் சொன்னார். தமிழாசிரியர் ஆயிற்றே, உடனே தொல்காப்பியத்துக்குப் போய்விட்டார். அதில் 'மூவரி அணில்' என்றே இருக்கிறதாம், அதன் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயர் உரியதாம். ஊர் வாயில் எப்போதும் அணிற்பிள்ளைதான். எங்கள் வீட்டிலும் பிள்ளைதான்.

மார்ச் 17

48 கிராம். திரைச்சீலையில் முதலில் மேலே ஏற மட்டும்தான் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. நாலு நாள் கழித்துத் தலைகீழாக இறங்கியது. யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

பாலை மூன்று வேளையாகக் குறைத்தாயிற்று. கொய்யா, வெள்ளரி, முளைகட்டிய பயறு, முருங்கைப்பூ. பூவைக் கையில் பிடித்துச் சுழற்றி, காம்புப் பக்கத்தைத்தான் முதலில் கடிக்கிறது, தேன் அங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வேர்க்கடலையைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். ஆனால் கடலையை மட்டுமே தின்று வளர்கிற அணிலுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அதனால் கடலை நாளைக்கு ஒன்றே ஒன்று. முருங்கைக்கீரையும் கணவாய் ஓடும் எப்போதும் பெட்டியில் கிடக்கும். முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறிக்க வேப்பங்குச்சி.

அது போக, வாசல் கால்மிதியை நார் நாராகப் பிரித்துத் தன் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. வாய் நிறையக் கவ்வி, கையால் உருட்டி உருட்டி உள்ளே திணிக்கிறது. தாய் கட்டிய கூட்டை இது கண்ணால் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 3

இன்றிலிருந்து யாரும் கையில் எடுப்பதில்லை. மகள் அழுதாள். மனிதரைக் கண்டு ஓடாத அணில் வெளியே பிழைக்காது, அது யார் கையில் சிக்கும் என்று சொல்லவே முடியாது. டாக்டரம்மாவும் இதைத்தான் முதல் நாளே சொன்னார்: இது காட்டு உயிர், வளர்ப்புப் பிராணி இல்லை, வளர்ந்ததும் விட்டுவிட வேண்டும்.

அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையில் கூண்டு செய்து, உள்ளே அதன் பெட்டியை வைத்து, முருங்கையோரம் உயரத்தில் கட்டியிருக்கிறோம். பூனை தாவ முடியாத உயரம்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து தண்ணீர் மாற்றினேன். விரல் மையை மோந்து பார்த்துவிட்டு, பின்வாங்கி, வாலை விசிறி 'சிக் சிக் சிக்' என்று கத்தித் தீர்த்துவிட்டது. மகிழ்ச்சியாக இருந்தது. வெளியே காக்கை கத்தினால் இப்போது அசையாமல் ஒட்டிக்கொள்கிறது. மற்ற அணில்கள் குரல் கொடுத்தால் இதுவும் பதில் கொடுக்கிறது. 78 கிராம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கூண்டுக் கதவைத் திறந்து கட்டினேன். ஒரு மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் கிளைக்குத் தாவியது, திரும்பி வந்தது, மறுபடி போனது. சாயங்காலம் பெட்டிக்குள் வந்து படுத்துக்கொண்டது. இவர் டார்ச் அடித்துப் பார்க்கப் போனார், அத்தை விடவில்லை.

ஏப்ரல் 26

இரண்டு இரவாகப் பெட்டி காலி. கொய்யாத் துண்டு வைத்த இடத்திலேயே காய்ந்துவிட்டது.

மே 9

கத்திரி வெயில். மாடிச் சுவரில் மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். மூன்று அணில்கள் வருகின்றன. எது நம்முடையது என்று மகள் கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை. கிட்டப் போனால் மூன்றும் ஓடிவிடுகின்றன.

மதியம் கதவிடுக்கில் பார்த்தேன். கால்மிதியின் பழைய ஓட்டையிலேயே வந்து ஒன்று நார் பிரித்துக்கொண்டிருந்தது. இவர் புதுக் கால்மிதி வாங்கிவந்து ஒரு வாரமாகிறது. அத்தை அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறார்.