மாத்தளைக்கு வந்துதான் பாம்பைப் பார்க்கப் பழகினேன்

நான் பிறந்து வளர்ந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கள் லயமும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடும், ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருந்தது. காலையில் பீலித் தண்ணீரில் முகம் கழுவினால் விரல் விறைத்துவிடும். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலிலிருந்தும் கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அந்தக் குளிரில் பாம்பைக் காண்பது அபூர்வம். கரட், லீக்ஸ் பாத்தி கொத்தும்போது மட்டும் விரல் தடிப்பில் ஒரு கரும்பழுப்புப் பாம்பு மண்ணோடு புரண்டு வரும். மண்புழு தின்று வாழும் பிராணி அது. விஷம் கிடையாது, கடிக்கவும் முயலாது. இலங்கையின் உயர்ந்த மலைப் பகுதிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம்.

பாம்பை அபூர்வமாகவே கண்டு வளர்ந்த எனக்குப் பாம்புப் பயம் எங்கிருந்து வந்தது? அப்பம்மாவிடமிருந்துதான். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் கதையை அப்பம்மா அவருடைய பாட்டியிடம் கேட்டிருந்தார். கொலராவிலும் பசியிலும் செத்தவர்கள், பாம்பு கடித்து வழியிலேயே விட்டுவிட்டு வரப்பட்டவர்கள் என்று இரவு இரவாகச் சொல்வார். 2023இல் மலையக மக்களின் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தப் படங்களைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பம்மா சொன்ன பாம்புகள்தான்.

அப்படிப்பட்ட நான் கல்யாணம் முடித்து வந்து சேர்ந்தது அதே மாத்தளைக்கு. ரத்தோட்டைப் பக்கம், நக்கிள்ஸ் மலையின் அடிவாரம். மேலே தேயிலை, கீழே ரப்பர், மிளகு, கொக்கோ, பாக்கு. கொக்கோ மரத்தடியில் காய்ந்த இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். நல்ல வெயில். இராத்திரியில்கூடப் போர்வை தேவைப்படாத ஊரை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலையும் கிடைத்தது.

பயம் என்றால் சும்மா இல்லை. கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், பத்துப் பதினைந்து எட்டு நடக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போக முடியாது என்பதால் பின்னேரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். கதவுக்கடியில் சாக்கைச் சுருட்டி வைத்துத்தான் படுப்பேன். கொடியிலிருந்து விழுந்த கயிறு, அறுந்த ரப்பர் குழாய், எதைக் கண்டாலும் உடம்பு உதறும். இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளையும் வெளியே புல்லில் விளையாட விடாமல் உள்ளேயே வைத்திருந்தேன். மூன்று நாலு வயதுப் பிள்ளைகள், பகல் முழுக்க அம்மா மலையில், இங்கே ஒரு அறைக்குள் அடைப்பு. அதை நினைத்தால்தான் மனசு உறுத்தியது.

வீட்டுக்காரர் பாவம், எனக்காக வெள்ளைப்பூண்டு இடித்துக் கரைத்துத் தெளித்தார், பினாயில் ஊற்றினார். அதெல்லாம் பாம்பை விரட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னை மாற்றியது மாமிதான். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் மிளகுக் கொடிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா புள்ள. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் பாரு.”

பார்த்தேன். இலைதான் தெரிந்தது.

“எங்கங்க மாமி?”

“இன்னும் பாரு. அவசரப்படாத. அது எங்கயும் போகாது.”

ஆறடி தள்ளி நின்று அவர் கம்பால் சுட்டிக் காட்டினார். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அப்புறம் சட்டென்று தெரிந்தது. இலை மேல் இலை போல ஒரு சின்னச் சுருள், விரித்த என் கை அகலம்தான் இருக்கும். உடம்பின் இரண்டு பக்கமும் கரும்பழுப்பில் முக்கோண முக்கோணமாக அடையாளம். தலை முக்கோணம், மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கியிருந்தது. கோப்பி விரியன். சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள். முழு வளர்ச்சியில்கூட ஒரு முழத்துக்கு முன்னே பின்னேதான் வரும். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கிறது. எலி போன்ற பிராணிகளின் உடம்புச் சூட்டை இருட்டிலேயே அதை வைத்து உணர்ந்துவிடும். பகலில் அப்படியே இலையோடு இலையாகக் கிடக்கும், இராத்திரியில் இரை தேடும்.

மாமி அன்றைக்குச் சொன்னதில் முக்கியமானது இதுதான்: சாரையும் நாகமும் நாம் நடக்கும் அதிர்வு பட்டால் பெரும்பாலும் விலகிப் போகும். கோப்பி விரியன் விலகாது. தான் தெரியமாட்டேன் என்ற நம்பிக்கையில் அசையாமல் கிடக்கும். அதனால்தான் மிதிபடுகிறது, அதனால்தான் கடிக்கிறது. ஆகவே காலைத் தட்டித் தட்டி நடந்தால் போதும் என்று எல்லாரும் சொல்வது பாதி உண்மை. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கை வைக்கும் இடத்தை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் எனக்குப் பாம்பு எல்லா இடத்திலும் இருந்தது. கூரையில், கட்டிலுக்கடியில், அலமாரியில், மனசுக்குள். அன்றைக்குப் பிறகு அது சில இடங்களில் மட்டும் இருக்க ஆரம்பித்தது: காய்ந்த இலைக் குவியல், வெட்டிப் போட்ட புல், விறகுக் கட்டு, கல் அடுக்கு, கான் ஓரம். அந்த இடங்களில் மட்டும் கவனமாக இருந்தால் மற்ற இடங்களில் மனிதரைப் போல நடமாடலாம் அல்லவா? மாமியோடு மலைக்குப் போகும் போதெல்லாம் தேட ஆரம்பித்தேன். தேடித் தேடிக் கண் பழகியது. ஒரு தடவை தேயிலைக் கிளையில் பச்சை விரியனையும் காட்டினார். பச்சையில் கறுப்பு வரி, அவ்வளவு அழகு. இது இலங்கைக்கே உரியது. கொழுந்து பறிக்கிறவர்களின் கைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்கு இது பழகிய பாம்பு.

சாரைப் பாம்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு சாரை வந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு. ஆட்கள் கம்போடு வந்துவிட்டார்கள். நாகத்தோடு சாரை பிணையும், சாரை இருந்தால் நாகம் தேடி வரும் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். சாரை சாரையோடுதான் சேரும். இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு எழும்புவதைப் பார்த்துத்தான் பிணைகிறது என்கிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. நான் வாசலில் நின்று, அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கான அரிசி மூட்டை உள்ளே இருக்கிறது, அதைத் தேடி எலி வருகிறது, எலியைத் தேடி சாரை வருகிறது. எலிக்காய்ச்சலில் நம் ஆட்கள் எத்தனை பேர் வருடா வருடம் படுக்கிறார்கள்! சாரைக்கு விஷம் இல்லை. எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி ஆளையே கொல்லும். என் பேச்சு எடுபட்டதோ, டீச்சர் சொல்கிறாரே என்று விட்டார்களோ, கம்பைக் கீழே போட்டார்கள். மூட்டையைத் தகரப் பெட்டிக்கு மாற்றினோம். எலி குறைந்தது, சாரையும் வருவதைக் குறைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகு எங்கள் லயத்தில் ஒரு கடி நடந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா, மாலை மங்கலில் விறகுக் கட்டைத் தூக்கும்போது விரலில் கோப்பி விரியன் கடித்துவிட்டது. கத்தல் கேட்டு ஓடினேன். ஒருவர் மணிக்கட்டில் கயிறு கட்டப் போகிறார், இன்னொருவர் பிளேடு தேடுகிறார், மூன்றாமவர் டோர்ச் அடித்துக்கொண்டு பாம்பை அடிக்கத் துரத்துகிறார். விஷக்கடி வைத்தியரிடம் போகலாம் என்று பெரியவர்கள். எனக்கு என்னவோ அன்றைக்குக் கை நடுங்கவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டேன். அக்காவின் மோதிரத்தையும் வளையலையும் கழற்றச் சொன்னேன். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது, இரத்த ஓட்டம் நின்றுவிடும். கையை அசைக்காமல் ஒரு பலகைத் துண்டோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினோம். 1990க்கு அழைத்தோம். அந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை என்பது இன்னும் நம் லயங்களில் பலருக்குத் தெரியாது. பாம்பைத் துரத்தியவரை எப்படியோ திருப்பிக் கூப்பிட்டேன். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது இப்படித்தான். தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். அதற்குள் உறைந்தால் நல்லது. உறையாவிட்டால் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று அளந்தார்கள். ஏனென்றால் கோப்பி விரியன் கடியில் பெரும்பாலானவர்களுக்கு வலியும் வீக்கமும் கொப்புளமும்தான் வரும், ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது, அரிதாக உயிரும் போகிறது. அக்காவுக்கு விரல் கறுத்துப் புண்ணாகி ஆறியது. அவ்வளவோடு தப்பினார்.

அன்றைக்கு டொக்டர் சொன்ன ஒன்று என்னை இன்னும் விடவில்லை. நமக்கு இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் செய்யப்பட்டது. கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது. இலங்கையில் விஷக்கடிகளில் மிகப் பெரிய பங்கு இந்தச் சின்னப் பாம்பினுடையது, அதற்கென்று கொடுக்க ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. 2016இல் வெளிவந்த ஒரு நாடளாவிய ஆய்வு, ஒரே வருடத்தில் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள், அதில் சுமார் 30,000 பேருக்கு உடம்பில் விஷம் ஏறுகிறது, 464 பேர் சாகிறார்கள் என்று கணக்கிட்டது. இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். கடிபட்டவர்களில் பாதிக்கு மேல் விஷமே ஏறவில்லை. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அது எனக்குத் தைரியம் தந்தது. ஆனால் கடிபடுகிறவர்கள் யார்? வெறுங்காலோடு வயலிலும் மலையிலும் நிற்கிறவர்கள், டோர்ச் இல்லாமல் கக்கூஸுக்கு நடக்கிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமா என்று எனக்குக் கோபம் வருகிறது. லயத்துக்குள்ளேயே கக்கூஸ், வழியில் ஒரு விளக்கு, மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சோடி பூட்ஸ் கொடுத்தாலே எத்தனை கடி குறையும்!

இப்போது நான் தண்ணீர் தேவையான அளவு குடிக்கிறேன். டோர்ச்சும் மூடிய செருப்பும் கதவோரம் இருக்கும். தரையில் படுக்கும் வீடுகளில் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் சொருகச் சொல்கிறேன். இராத்திரியில் வீட்டுக்குள் வரும் கட்டு விரியனுக்கும் அது தடை, அதன் கடியோ தூக்கத்தில் தெரிவதுகூட இல்லை. பிள்ளைக் காம்பராவைச் சுற்றிப் பெற்றோர்கள் சேர்ந்து புல்லை ஒட்ட வெட்டி, இலையைக் கூட்டி, விறகைத் தூரத் தள்ளி அடுக்கினோம். பிள்ளைகள் புல்லில் ஓடுகிறார்கள். காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து பார்ப்பது என் வேலை. அந்த நடையில் நெஞ்சு படபடப்பது அனேகமாக நின்றுவிட்டது. எப்போதாவது இலைக்குள் அந்த முக்கோணங்கள் தெரிந்தால் மட்டும் ஒரு கணம் துணுக்கென்கிறது. நீளமான கம்பும் வாளியும் எடுத்து வரும் மாமியைக் கூப்பிடுகிறேன். அவர் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அந்த வேலையை நான் செய்வதில்லை, பழகாத யாரும் செய்யவும் கூடாது.

பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்ட, நம் மலையகத்தில் காணும் பாம்புகளின் பெரிய படங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சாரையும் நாகமும் கிடைத்துவிட்டன. பசறை, லுணுகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது கோப்பி விரியனைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள். இதற்கென்று புதிதாக எடுக்கக் கிட்டப் போக வேண்டாம், கைபேசியில் ஏற்கெனவே இருப்பது போதும். மூக்கு நுனி மேலே தூக்கியிருப்பது படத்தில் தெரிந்தால் இன்னும் நல்லது, அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.