மூன்று கண் நுங்கு

மே 4
பொரியலுக்கு வெண்டைக்காய் நறுக்கினேன். பாப்பா ஒரு வில்லையை எடுத்து மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினாள். ஐந்து இதழ்ப் பூ விழுந்தது. "அது பூ இல்ல கண்ணு, அஞ்சு அறை" என்று காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை விதை. இந்த ஐந்து சூலறைகளும் பூவில், பின்னால் காயாக மாறும் சூலகத்திலேயே அமைந்தவை. காய் வளர வளர அறைதான் பெரிதாகும், எண்ணிக்கை கூடாது.

மே 6
ரசத்துக்கு நாட்டுத் தக்காளி. குறுக்கே வெட்டினால் கோணல்மாணலாக ஒன்பது அறைகள். தொட்டியில் காய்த்த செர்ரித் தக்காளியில் இரண்டுதான். காட்டுத் தக்காளிக்கும் பொதுவாக இரண்டே. பெரிய பழமாகப் பார்த்துப் பார்த்து விதையெடுத்தவர்கள், தெரியாமலேயே அறைகளையும் பெருக்கியிருக்கிறார்கள். மேலே தெரியும் அந்த மடிப்பு மடிப்பான அழகு அதனால் வந்ததுதான்.

மே 11
இன்று நுங்கு. அண்ணாச்சி அரிவாளால் ஒரே சீவு. மூன்று கண்ணும் திறந்துகொண்டன. பருவப்பனையின், அதாவது பெண் பனையின், பூவில் சூலகத்துக்கு மூன்று அறை, அறைக்கு விதையாக வளரும் ஒரு சூல். அதனால்தான் மூன்று கண். அடுத்த காயில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவது இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு சுருங்கிய தடம். "அது சூம்பிப் போச்சு தம்பி" என்று தூக்கிப் போடப் போனார். கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலை விட்டு நோண்டும்போது முகத்தில் தெறிக்கிற தண்ணீர், அறைக்குள் இன்னொரு குட்டி அறையில் இருந்தது.

அந்த உள்ளறையில் விளைவதுதான் என் சிறுவயதின் தவுண். கிழங்கு பிடுங்கிய பிறகு ஆத்தா பனங்கொட்டையைப் பிளந்து தருவாள். முளைக்கும் வித்திலையின் (விதைக்குள் இருக்கும் முதல் இலையின்) நுனி கொட்டைக்குள்ளேயே வீங்கி, கெட்டியான பருப்பை உறிஞ்சி, அந்தக் குழிவை நிரப்பியிருக்கும். கையில் பஞ்சு மாதிரி இருக்கும், வாயில் இனிக்கும். யாழ்ப்பாணத்தில் இதைப் பூரான் என்பார்கள். இருபது வருடமாயிற்று நான் தின்று.

மே 13
விதைக்கென்று செடியிலேயே விட்ட வெண்டைக்காய் காய்ந்து வெடித்துவிட்டது. அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பு பிரியும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒவ்வொரு அறையும் தன் முதுகில் பிளந்திருக்கிறது. தடுப்புகள் அப்படியே நிற்கின்றன. பாப்பா விதைகளை அறை அறையாக ஐந்து கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.

மே 14
அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன்: ஆவணியில் பழுத்த பனம்பழம் இரண்டு, மூன்று கொட்டையும் முழுசாக இருக்க வேண்டும். மாடியில் மண் நிரப்ப ஒரு பழைய டிரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.